நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு

“லாக் இருக்கறது உங்க சர்வர்ல, அதனால பொறுப்பும்—”

“இருக்கறது எங்ககிட்ட, எழுதறது உங்க டேட்டாபேஸ்தானே, நீங்க கோணலா எழுதிட்டு—”

“—கோணலா எழுத நாங்க என்ன சின்னப் பிள்ளையா, உங்க டிஸ்க்குல இடம் இருந்தா—”

“—இடத்தைப் பத்தி நீங்க பேசாதீங்க, இருக்கற இடத்தையெல்லாம் அடைச்சுக்கிட்டு—”

“—யாரு அடைச்சுக்கிட்டது? வார்த்தையை அளந்து—”

“—அளந்துதான் பேசறேன், சரியா அளந்தேனான்னு பார்க்க லாக் இல்லையே.”

டேட்டாபேஸ் பிரிவின் தலைவர், சர்வர் பிரிவின் தலைவர் இருவருக்கும் ஒரே நேரத்தில் மூச்சு முட்டியதால் கூட்ட அறையில் கொஞ்சம் அமைதி கிடைத்தது. இயக்குநர் அந்த அமைதியைப் பயன்படுத்திக்கொண்டு, குறிப்பு எடுக்கும் எழுத்தரைப் பார்த்தார்.

“எழுதிட்டீங்களா?”

“எழுதிட்டேன் சார். ‘இருவரும் பேசினார்கள்.’”

“என்ன பேசினாங்க?”

“அது பிடிபடல சார். ரெண்டு பேரும் ஒண்ணாப் பேசினாங்க.”

மேசையின் கோடியில், ‘பாதிக்கப்பட்டவர்’ என்று அட்டை வைத்திருந்த நாற்காலியில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு நோட்டுப் புத்தகம். “நான் எழுதியிருக்கேன். வேணும்னா படிக்கட்டுமா?” என்றார்.

படித்தார். முதலில் ஒருவர் பேசியது முழுவதும், பிறகு மற்றவர் பேசியது முழுவதும். பதினோரு கூட்டங்களில் முதல் தடவையாக, எதிராளி என்ன சொன்னார் என்பதை இருவரும் கேட்டார்கள். இருவருக்கும் அது பிடிக்கவில்லை. ஆட்சேபணையை மட்டும் சேர்ந்தே தெரிவித்தார்கள்.

அந்த அம்மா முப்பத்திரண்டு வருஷம் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்தவர். இரண்டு வக்கீல்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கத்தும்போதும் இரண்டு பேச்சையும் தனித்தனியாக எழுதி எடுப்பவர். பதிவகத்தில் எல்லோரும் அவரைச் சுருக்கெழுத்தம்மா என்றே சொன்னார்கள். மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவர்களின் வரிசையை வைத்துக் காக்கும் அலுவலகம் அது. வாசலில், ‘காத்திருப்போர்க்காகக் காத்திருக்கிறோம்’ என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். எழுதியவருக்குப் பொய் சொல்லும் எண்ணம் இருந்திருக்காது.

அம்மாவின் கணவர் அந்த வரிசையில் இருந்தார். நான்கு வருஷம் முன்பு, மார்ச் ஒன்பதாம் தேதி பதிந்த பெயர். எண் நாலாயிரத்துப் பதினேழு. மெல்ல மெல்ல நகர்ந்து ஆறாவது இடத்துக்கு வந்திருந்தார். அப்போது பதிவகம் புதிய சர்வருக்கு மாறியது. ஒவ்வொருவரும் பதிந்த தேதியைப் பழைய லாக்கிலிருந்து எடுத்துப் புதியதில் போட்டார்கள். சர்வர் தான் செய்வதையெல்லாம் வரி வரியாக எழுதி வைக்கும் கோப்புக்குத்தான் லாக் என்று பெயர். மார்ச் ஒன்பதாம் தேதியின் வரிகள் சிதைந்து கிடந்ததால், அன்று பதிந்த ஏழு பேருக்கும் புதிய சர்வர் தன்னுடைய பிறந்தநாளையே பதிவுத் தேதியாகக் கொடுத்துவிட்டது. ஆறாம் இடத்தில் இருந்தவர் ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டாம் இடத்துக்குப் போனார். மற்ற ஆறு பேரில் யாரும் கேட்டு வரவில்லை. ஏன் வரவில்லை என்று லாக்கில் இல்லை.

சிதைவுக்குக் காரணம் ஒன்றும் மர்மம் இல்லை. டேட்டாபேஸ் பிரிவு மேல்மாடியில், சர்வர் பிரிவு கீழ்மாடியில். லாக்கை எழுதும் உரிமை தங்களுக்கே என்று இரண்டு மாடியும் ஆரம்பத்திலேயே சண்டை பிடித்தன. இயக்குநர் சமரசம் செய்துவைத்தார்: இரண்டு பேரும் எழுதலாம், ஒரே கோப்பில். அன்று முதல் மேல்மாடியின் புரோகிராம் ஒரு வரியைப் பாதி எழுதும்போதே கீழ்மாடியின் புரோகிராம் நடுவில் புகுந்து தன் வரியை எழுதியது.

மூன்றாம் ஜன்னலில் உட்காரும் குமாஸ்தாதான் இதை அம்மாவுக்கு விளக்கினார். ஓய்வு பெற இரண்டு வருஷம் பாக்கி இருந்தவர். அம்மா அவரைத் தம்பி என்பார்.

“சரி பண்ண முடியாதா தம்பி?”

“அஞ்சு நிமிஷ வேலைம்மா. ஒருத்தர் ஒரு வரியை எழுதி முடிக்கற வரைக்கும் இன்னொருத்தர் நிக்கணும். அவ்வளவுதான்.”

“எவ்வளவு நேரம் நிக்கணும்?”

“ஒரு நொடியை ஆயிரமாப் பிரிச்சா, அதுல ஒரு பங்கு.”

“நிக்க வேண்டியதுதானே?”

“யாரு நிக்கறது? மேல்மாடிக்காரரும் கீழ்மாடிக்காரரும் ஒரே நாள்ல, ஒரே ஆர்டர்ல வேலைக்குச் சேர்ந்தவங்க. யார் சீனியர்னு முடிவாகல. முடிவாகாம எப்படிம்மா ஒருத்தர் நிப்பாரு?”

அம்மா பழைய லாக்கின் பிரதி கேட்டு மனுப் போட்டார். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம் கிடைத்தது. ஒவ்வொரு பக்கத்திலும் ‘சிதைந்தது’ என்று மேல்மாடி ஒரு முத்திரை குத்தியிருந்தது. அதைப் பார்த்ததற்கு அடையாளமாகக் கீழ்மாடி, அதே இடத்தின்மேல் இன்னொன்று குத்தியிருந்தது. முத்திரைக்குக் கீழே மாட்டிக்கொண்ட வரிகளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத்தான் படிக்க வேண்டியிருந்தது.

வாரத்துக்கு மூன்று நாள், காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை, அம்மாவின் கணவர் டயாலிசிஸ் நாற்காலியில் சாய்ந்திருப்பார். பக்கத்து ஸ்டூலில் அம்மா காகிதக் கட்டோடு உட்காருவார். அவருடைய இடது கையிலிருந்து இரண்டு குழாய்கள் போகும், ஒன்றில் ரத்தம் போக, ஒன்றில் வர. அவர் வாழ்நாளெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். இப்போது ஒரு நாளைக்கு இத்தனை டம்ளர் தண்ணீர் என்று கணக்கு. தாகம் எடுத்தால் ஒரு ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொள்வார்.

“என்ன கோர்ட்டு, இன்னைக்குத் தீர்ப்பு உண்டா?” என்பார். மனைவிக்கு அவர் வைத்த பெயர் அது.

“சும்மா இருங்க. கேட்டுக்கிட்டிருக்கேன்.”

“காகிதத்தைப் பார்க்கத்தானே செய்வாங்க. நீ கேக்கறியா?”

“ரெண்டு குரல் இருக்குங்க இதுல. ஒண்ணு எப்பவும் புலம்புது. இன்னொண்ணு அடக்கமா வேலையைச் சொல்லுது. எது எங்க விட்டுச்சோ அங்கதான் மறுபடி ஆரம்பிக்கும். காது கொடுத்தாப் பிரிஞ்சுடும்.”

நூற்று நாற்பதாம் பக்கத்தில் இப்படி இருந்தது:

மார்ச் 9, காலை 11:42. எண் 40 டிஸ்க் மூன்றில் 17 இடம் வரிசையில் குறை சேர்க்கப் கிறது பட்டது.

அம்மா பென்சிலை எடுத்தார். நோட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார்.

டிஸ்க் மூன்றில் இடம் குறைகிறது.

எண் 4017 வரிசையில் சேர்க்கப்பட்டது.

எழுதி முடித்ததும் நோட்டை அவருடைய கண்ணுக்கு நேராகப் பிடித்தார். அவர் படித்தார். நெடுநேரம் படித்தார். ஒரு வரிக்கு அவ்வளவு நேரம் வேண்டியதில்லை.

“சேர்த்திருக்காங்க,” என்றார்.

“சேர்த்திருக்காங்க.”

“நடுவுல பூந்தவன் ஓரமா நின்னிருந்தா நேராவே தெரிஞ்சிருக்கும். முதல் நாள் வர்ற பையனுக்கே இதைத்தானே சொல்லிக்கொடுப்பேன். நாற்சந்திக்கு ரெண்டு வண்டி ஒண்ணா வந்தா யாராவது ஒருத்தர் பிரேக்கைத் தொடு. யாருங்கறது அப்புறம்.”

“அங்க யாருங்கறதுதான் முதல்ல.”

“அப்ப அவங்களுக்கு லைசென்ஸ் கொடுத்தது யாரு?” என்றார். சிரிக்கும்போது குழாய் ஆடியது. நர்ஸ் வந்து, ஆடாமல் இருக்கச் சொன்னார்.

அந்த வரியை அம்மா பதிவகத்தில் கொடுத்தபோது, பன்னிரண்டாவது கூட்டம் கூடியது. இயக்குநர் எழுந்து நின்று பேசினார்.

“இந்த அம்மாவோட உழைப்பை நாம மதிக்கணும். ஆனா ஒண்ணு. நம்ம லாக் சிதைஞ்சிருக்குன்னு சொல்றதையே நான் ஒத்துக்கல. ரெண்டு பிரிவும் ஒரே நொடியில உழைச்சதுக்கு அது சாட்சி. ஒரு வரி தெளிவா இருந்தா என்ன அர்த்தம்? ஒரு பிரிவு சும்மா இருந்ததுன்னு அர்த்தம். என்னோட காலத்துல எந்தப் பிரிவும் சும்மா இருந்ததில்லை.”

கை தட்டினார்கள். இரண்டு மாடியும் ஒன்றாகவே தட்டின.

“இந்த வாசிப்பை ஏத்துக்கணும்னா, வாசிக்கறவருக்குத் தகுதி இருக்கணும்,” என்றார் மேல்மாடிக்காரர்.

“தகுதின்னா பரீட்சை,” என்றார் கீழ்மாடிக்காரர்.

பரீட்சை வைத்தார்கள். சிதைந்த ஐம்பது வரி கொடுத்தார்கள். அம்மா நாற்பது நிமிஷத்தில் பிரித்து எழுதிக் கொடுத்துவிட்டுக் கூடத்துப் பெஞ்சில் காத்திருந்தார். பக்கத்தில் ஒரு வெல்டர் உட்கார்ந்திருந்தார். விரலெல்லாம் தீப்பொறி பட்ட தழும்பு. பத்தொன்பது வயது மகளுக்காக வாரந்தோறும் வந்துபோகிறவர்.

“பாஸாம்மா?”

“விடையைத் திருத்தறாங்க.”

“எம்பொண்ணு இப்ப முதல் இடம். இன்னைக்கோ நாளைக்கோன்னு சொல்றாங்க. உங்க வீட்டுக்காரருக்குப் பழைய தேதி திரும்பக் கிடைச்சா?”

“நீங்க ரெண்டாவது ஆயிடுவீங்க.”

வெல்டர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். “அவர் எங்களுக்கு முன்னாடி வந்தவர்தானே. ஒரு ஆள்தானேம்மா. நிக்கறோம்.”

அந்தக் கட்டிடத்தில் அந்தச் சொல்லைச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

முடிவைச் சொல்ல மூன்றாம் ஜன்னல் தம்பி வந்தார். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “திருத்த முடியலைம்மா. சரியான விடை இருந்த தாள் அதே சர்வர்லதான் இருந்துச்சு. எடுத்துப் பார்த்தா அதுவும் கலந்து கெடக்கு. அதைப் பிரிச்சுக் கொடுக்க முடியுமான்னு உங்களைத்தான் கேக்கச் சொன்னாங்க.”

பிரித்துக் கொடுத்தார். அதை வைத்து அவருடைய தாளைத் திருத்தினார்கள். ஐம்பதுக்கு ஐம்பது வந்தது. இவ்வளவு மார்க் எப்படி வந்தது என்று விசாரிக்க ஒரு குழு போட்டார்கள்.

இதற்கிடையில் யார் நிற்பது என்பதைத் தீர்மானிக்க, முன்னுரிமை நிர்ணயக் குழு உட்கார்ந்தது. எந்தப் பிரிவு எத்தனை முறை யாருக்காக நின்றது என்று தெரிந்தால்தான் நியாயமாக முடிவெடுக்கலாம் என்று குழு கருதியது. அதை எழுதிவைக்க மூன்றாவதாக ஒரு புரோகிராமை ஏற்பாடு செய்தார்கள். அது எழுதுவதற்கு வேறு இடம் இல்லாததால் அதே கோப்பில் எழுதியது. இப்போது மூன்று குரல்.

“மூணு பேருமா?” என்றார் கணவர். அன்று அவர் முகம் ஊதியிருந்தது. குரல் கீழே இறங்கியிருந்தது. “நாற்சந்தியில டிராஃபிக் போலீஸ்காரரும் வண்டி எடுத்துக்கிட்டு வந்துட்டாரா?”

“பேசாதீங்க. மூச்சு வாங்குது உங்களுக்கு.”

“நீ எழுதிக்கோ கோர்ட்டு. நான் நடுவுல விட்டா நீதான் சேர்த்துப் படிக்கணும்.”

ஐந்து வாரம் கழித்துப் பதிவகத்திலிருந்து அழைப்பு வந்தது. லாக் பிரச்சினை முழுமையாகத் தீர்ந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு விழா. பாதிக்கப்பட்டவர் புகைப்படத்துக்கு அவசியம் வரவேண்டும். வராவிட்டால் மனு முடிக்கப்படும்.

செவ்வாய் டயாலிசிஸ் நாள். “போயிட்டு வா,” என்றார் அவர். “ஒரு நாள் நான் தனியா ஓட்டறேன்.”

“பன்னெண்டுக்குள்ள வந்துடுவேன்.”

“ஐஸ் மட்டும் எட்டற மாதிரி வச்சுட்டுப் போ.”

விழாவில் இயக்குநர் முக்கால் மணி நேரம் பேசினார்.

“பல பேர் பல யோசனை சொன்னாங்க. ஒருத்தர் நிக்கட்டும்னாங்க. நம்ம நிறுவனத்துல யாரும் யாருக்காகவும் நிக்க வேண்டாம். அதுதான் சமத்துவம். அதனால பழைய லாக்கை அழிச்சுட்டு, லாக் எழுதறதையே நிறுத்திட்டோம். திங்கட்கிழமைலேர்ந்து ஒரு எழுத்துகூடச் சிதையலைங்கறதை இந்தச் சபையில பெருமையோட சொல்லிக்கறேன். இனிமே இங்க எந்தத் தப்பும் பதிவாகாது.”

மேல்மாடிக்காரரும் கீழ்மாடிக்காரரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். யார் முதலில் கையை எடுப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்கள். புகைப்படக்காரருக்கு அது வசதியாக இருந்தது. அம்மாவை நடுவில் நிறுத்தினார்கள். பின்பு இடது பக்கம் நிறுத்தினார்கள். இயக்குநர் கண்ணை மூடிவிட்டதால் மறுபடியும் எடுத்தார்கள். மணி பன்னிரண்டே கால் ஆனது.

மருத்துவமனையில் நர்ஸ் வாசலிலேயே நின்றிருந்தார்.

“பதினொண்ணு ஆகும்போது திடீர்னு பிரஷர் இறங்கிடுச்சும்மா. டாக்டர் எல்லாரும் வந்தாங்க. என்னென்னவோ பார்த்தாங்க.” நர்ஸ் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். “அதுக்கு முன்னாடி, கோர்ட்டு வந்தாச்சான்னு கேட்டாரு. எனக்குப் புரியல. வரலைங்கய்யான்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி கேட்டாரு.”

“அப்புறம்?”

“அப்புறம் கேக்கலைம்மா.”

ஐஸ் கிண்ணத்தில் தண்ணீர்தான் இருந்தது.

வியாழக்கிழமை கடிதம் வந்தது. விழாவை முன்னிட்டு நிலுவையில் இருந்த மனுக்கள் எல்லாம் பைசல் செய்யப்பட்டன. மனுதாரரின் வாசிப்பை மறுக்க இப்போது லாக் எதுவும் இல்லாததால், அந்த வாசிப்பு ஏற்கப்படுகிறது. எண் நாலாயிரத்துப் பதினேழுக்கு உரிய தேதி திருத்தப்பட்டது. அவருக்கு முன்னால் இருந்த ஐந்து பேரும் இதற்குள் வரிசையை விட்டுப் போயிருந்ததால், அவரே இப்போது முதல் இடம்.

அம்மா அந்தக் கடிதத்தையும் இறப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு, திங்கட்கிழமை மூன்றாம் ஜன்னலுக்குப் போனார்.

“எடுத்துடுங்க தம்பி. அவர் பேரை எடுத்துடுங்க. பின்னாடி அந்தப் பொண்ணு இருக்கு.”

அடக்கத்துக்கு வந்திருந்த தம்பிக்குச் சான்றிதழைப் படிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. இருந்தாலும் படித்தார். மேலே எடுத்துப் போனார், கீழே எடுத்துப் போனார், திரும்பி வந்தார். பின்னாலேயே இரண்டு மாடிக்காரர்களும் வந்தார்கள்.

“பேரை நீக்கணும்னா, நீக்கினதா லாக்ல ஒரு வரி எழுதணும், அது கீழ்மாடி—”

“—எழுதறது மேல்மாடி, ஆனா லாக்கையே நிறுத்தினதால—”

“—நிறுத்தினது ரெண்டு பேரும் சேர்ந்து—”

“—சேர்ந்து நிறுத்தினதை ஒருத்தர் மட்டும் எப்படி—”

“அப்படின்னா அவர் வரமாட்டார்னு வச்சுக்கிட்டு அடுத்தவங்களைக் கூப்பிடுங்க,” என்றார் அம்மா.

அதற்கு விதி இருந்தது. தினமும் காலை பதினொரு மணிக்கு, முதலிடத்தில் இருப்பவரின் எண்ணைக் கூடத்தில் அழைக்க வேண்டும். மூன்று நாள் அழைத்தும் வராவிட்டால் அடுத்தவருக்குப் போகலாம். வராததை ஒவ்வொரு நாளும் லாக்கில் எழுத வேண்டும். லாக் இல்லை. ஆகவே எத்தனை நாள் அழைத்தாலும் அது முதல் நாளே. தானாக விலகிக்கொள்வதற்கும் ஒரு படிவம் உண்டு. அதில் நோயாளி நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

அம்மா தினமும் வந்தார். வெல்டர் பக்கத்தில் உட்கார்ந்தார். பதினொரு மணிக்குத் தம்பி ஜன்னலில் எழுந்து நின்று அழைப்பார். அம்மா நோட்டில் சுருக்கெழுத்தில் எழுதுவார்: அழைத்தார்கள். பதில் இல்லை. மூன்று வரி ஆனதும் இயக்குநர் அறைக்கு எடுத்துப் போய்க் காட்டினார்.

இயக்குநர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். “ரொம்பத் தெளிவா இருக்கும்மா.”

“அப்போ எடுத்துக்கோங்க.”

“அதுதான் சிக்கலே. ஒரே ஆள் எழுதினது லாக் ஆகாது. ரெண்டு பிரிவும் எழுதியிருக்கணும்.” கண்ணாடியைக் கழற்றினார். “உங்க வருத்தம் எனக்குப் புரியுது. ஆனா யோசிச்சுப் பாருங்க, நாலு வருஷம் எந்த இடத்துக்குக் காத்திருந்தாரோ அந்த இடத்துல இன்னைக்கு இருக்காரு. எங்க நிறுவனம் அவரைக் கைவிடலை.”

அம்மா அதையும் எழுதிக்கொண்டார். பழக்கம்.

நோட்டில் பதினோராவது வரிக்கு வந்த நாள், வெல்டர் மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பெண் சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. கையில் பிளாஸ்க்கின் மூடி, அதில் ஒரே ஒரு ஐஸ் துண்டு.

“வீட்ல தனியா விட மனசு வரலைம்மா,” என்றார் வெல்டர்.

“நான்தான் உங்களை ரெண்டாவது ஆக்கினேன்.”

“அப்படிச் சொல்லாதீங்க.” மகளின் கையில் சாய்ந்த மூடியை நிமிர்த்தினார். “முன்னாடி வந்தவர் முன்னாடி. நான் இன்னமும் அதைத்தான் சொல்வேன். ஆனா எங்களால எவ்வளவு நாள்ம்மா நிக்க முடியும்?”

அம்மா நோட்டைத் திறந்தார். பென்சில் முனை மழுங்கியிருந்தது. கூடத்தில் இருந்தவர்கள் எல்லோருக்கும் விஷயம் தெரியும். ஜன்னலில் இருந்தவருக்கு நன்றாகவே தெரியும். கடிகாரம் பதினொன்றைத் தொட்டதும் தம்பி எழுந்தார். சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார். அம்மாவைப் பார்க்காமல் இருக்க வாசல் பக்கம் பார்த்தார். வழக்கமாகச் சத்தமாகக் கூப்பிடுகிறவர், அன்று பக்கத்து அறையில் தூங்குகிறவரை எழுப்புவதுபோலத்தான் கூப்பிட்டார்.

“நாலாயிரத்துப் பதினேழு ஐயா, வந்திருக்கீங்களா?”